எடுத்த நடவடிக்கை என்ன?

மத்திய அரசு ஊழியரின் சந்தோஷத்துக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. ஜனவரியிலும் ஜூலையிலும் பஞ்சப்படி உயரும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை சம்பளக் கமிஷன் வரும். ஏழாவது கமிஷன் 2016 ஜனவரியிலிருந்து அமலானது. எட்டாவது வரப்போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்த அன்றே எங்கள் பிளாக்கில் லட்டு கொடுத்தார்கள். நடுநடுவே எல்.டி.சி., புரமோஷன், டைப் மூன்று வீட்டிலிருந்து டைப் நான்கு வீடு. இதில் எதையும் நாமாகச் செய்துகொள்ள முடியாது. ஆர்டர் வர வேண்டும். வரும்வரை சீனியாரிட்டிப் பட்டியலில் நம் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி இருபது வருஷம் உட்கார்ந்து பழகினவர்களுக்கு, ஜூன் மாதப் புழுக்கத்தில் திடீரென்று மழை கொட்டினால்கூட முழுசாகச் சந்தோஷப்பட வராது. சர்க்குலர் வந்ததா என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கும்.

நானும் இந்த இனம்தான். ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். குடியிருப்பது தில்லி கிழக்கு கிட்வாய் நகரில். ரிங் ரோடைத் தாண்டினால் எய்ம்ஸ், ஒரு பக்கம் சவுத் எக்ஸ்டென்ஷன், அரபிந்தோ மார்க்கைக் கடந்தால் ஐ.என்.ஏ. மார்க்கெட். ஒரு காலத்தில் தாழ்வான பழைய குவார்ட்டர்ஸ்கள் இருந்த இடம். அவற்றை இடித்துவிட்டு என்.பி.சி.சி. கட்டிய அடுக்குமாடிகளில் இப்போது 86 ஏக்கரில் 4,600-க்கும் மேற்பட்ட வீடுகள். இத்தனை வீட்டிலும் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, இலாகாதான். மேல் வீட்டில் நிதி. எதிர் வீட்டில் உரம். கீழே சுரங்கம். "உரத்தோட பையனுக்கு நிச்சயமாம், நிதியோட அக்கா சொன்னாங்க" என்றால் எங்களுக்குப் புரியும். வெளியாட்கள் பயந்துவிடுவார்கள்.

அரசு காலனியில் வளர்ந்தவர்களுக்கு "என்கொயரி" என்ற சொல்லைச் சொன்னாலே ஒரு நிம்மதி. குழாய் சொட்டினால், ஃபியூஸ் போனால், கதவு மூடாமல் அடம்பிடித்தால் என்கொயரியில் போய்ச் சொல்ல வேண்டும். ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது அதையே கைபேசியில் பதிவுசெய்யலாம். நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இந்த வசதியிலேயே வாழ்ந்தவர்கள், மனசு சொட்டும்போதும் எங்கேயோ ஒரு ரிஜிஸ்டர் இருக்கும் என்று தேடுகிறார்களே, அதுதான் வேடிக்கை. மகன் பேசுவதில்லை, மருமகள் சிரிப்பதில்லை, ஊர் பிடிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஆள் அனுப்புங்கள்.

எங்கள் காலனிக்குள்ளேயே ஒரு பழைய கல்லறை இருக்கிறது. தரியா கான் லோஹானியுடையது. லோடி சுல்தான்கள் மூவரிடமும் பணிபுரிந்தவர் என்பார்கள். பஹ்லூல், சிக்கந்தர், இப்ராஹிம். மூன்று ஆட்சி மாறியும் பதவியில் இருந்தவர் என்றால் ஃபைல் நகர்த்தத் தெரிந்த ஆளாகத்தான் இருந்திருப்பார். ஓய்வுக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் வீட்டைக் காலி செய்யச் சில மாதங்கள்தான் அவகாசம். ஐந்நூறு வருஷமாகக் காலி செய்யாமல் இருக்கும் ஒரே அதிகாரி அவர்தான். பொறாமையாக இருக்கும்.

அந்தப் பக்கத்துப் பூங்கா பெஞ்சில்தான் என் மாமனார் தில்லியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

மாமா கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக வேண்டாம் என்று அழைத்து வந்தோம். வந்த அன்றே புகார் தொடங்கியது. தண்ணீருக்கு ருசியில்லை. காபி காபியாக இல்லை. லிஃப்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை. "திண்ணை இல்லாத வீட்டுக்கு எட்டு மாடி எதுக்கும்மா?" என்று என்னைக் கேட்டார். வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமே பதில் சொல்லத் திணறும் கேள்வி. எல்லாவற்றுக்கும் முடிவில் தினமும் ராத்திரி ஒரே தீர்மானம்: "பேச ஆளில்லாத ஊர்ல எனக்கென்ன வேலை? ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்துடு." அவர் மகன் அதற்குத் தினமும் சொன்ன பதில், "பார்க்கலாம்பா." எங்கள் பாஷையில் அதற்கு, பரிசீலனையில் உள்ளது என்று பொருள். பரிசீலனையில் உள்ளவை எங்கே போகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

வீட்டுக்குள் ஹீட்டருக்கு முன்னால் இருப்பதைவிட வெளியே வெயிலில் இருப்பது மேல் என்பது தில்லி ஜனவரி கற்றுக்கொடுக்கும் பாடம். மாமா இறங்கிப் போனார். பூங்காவில் ஏற்கெனவே ஒரு கூட்டம், வறுத்த கடலையை உரித்துக்கொண்டு வெயிலைத் துரத்தி நாற்காலியை நகர்த்திக்கொண்டு இருந்தது. எல்லாரும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்கியிருப்பவர்கள். ரயில்வேயில் இருந்த ஒரு பஞ்சாபி. கல்லூரியில் சரித்திரம் நடத்திய ஒரு வங்காளி. ஓர் ஒடியாக்காரர். மத்திய அரசில் டெபுடி செக்ரெட்டரியாக ஓய்வு பெற்ற ஒரு மலையாளி. மாமாவுக்குத் தெரிந்தது நாற்பது வருஷம் வங்கிக் கடிதம் எழுதிய இங்கிலீஷ். "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் டீ, இட் இஸ் கோல்ட்" என்று பஞ்சாபியிடம் சொன்னாராம். அவர் உடனே வேறு டீ வரவழைத்தார். நட்பு உறுதியாயிற்று.

நட்பு என்றால், எல்லாரும் சேர்ந்து புகார் சொல்வது. வங்காளிக்கு நல்ல மீன் கிடைப்பதில்லை. பஞ்சாபியின் மகன் ஆபீசிலிருந்து வந்ததும் கைபேசிக்குள் இறங்கிவிடுகிறான். ஒடியாக்காரருக்கு முழங்கால். மாமாவுக்குத் தமிழ் பேச ஆளில்லை. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்க, புகார் சந்தோஷமாகவே நடந்தது. குறையைப் பகிர்ந்துகொள்வதில் ஒரு சுகம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மறுநாளும் அதே மீன், அதே முழங்கால்.

பொறுமை போனது மலையாளிக்குத்தான். நாடாளுமன்றக் குழு ஒரு பரிந்துரை செய்தால், அதன்மேல் என்ன செய்தீர்கள் என்று அமைச்சகம் பதில் கொடுத்தாக வேண்டும். ஆக்‌ஷன் டேக்கன் என்பார்கள். சர்வீஸ் முழுக்க அந்தப் பதில்களை எழுதி எழுதித் தேய்ந்த மனிதர். ஒருநாள் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடது பக்கம் "புகார்". வலது பக்கம் "புகார் செய்தவர் எடுத்த நடவடிக்கை". மகன் எடுக்க வேண்டிய நடவடிக்கை, அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கை, கடவுள் எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவும் இந்த நோட்டில் ஏறாது. வலது பக்கம் காலியாக இருந்தால் இடது பக்கமும் அடிக்கப்படும்.

அன்று அந்தப் பெஞ்சில் கடலை உடையும் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று மாமா வந்து சொன்னார். அவருக்கே கோபம். "குறையைச் சொல்றதுக்கு ஒரு தகுதித் தேர்வா?" என்றார். ஆனாலும் மறுநாள் முதல் ஆளாகப் போனார்.

முதல் பதிவு வங்காளியுடையது. காலையில் குல்லாய், மஃப்ளர் சகிதம் தெருவைக் கடந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தாமே போனார். தில்லியில் இருக்கும் அத்தனை ஊர்க்காரர்களும் தங்கள் ஊரைத் தேடிப் போகும் மார்க்கெட் அது. முருங்கைக்காய், வாழைப்பூ, நேந்திரங்காய், மீன், தூதரகக்காரர்கள் கேட்கும் பெயர் தெரியாத கீரைகள் எல்லாம் உண்டு. அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதுவரை மருமகனைக் கேட்டு, அவர் மறந்து, அதில் இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வந்து, சம்பந்திகள் போனில் பேசிக்கொள்வதே நின்றிருந்தது. ஒரு ரோகு மீன் அதைத் தீர்த்து வைத்தது. இப்போது யார் யாரைக் கேட்டாலும் மீன் வாங்கித் தருவது அவர்தான்.

பஞ்சாபியின் பதிவில் சிக்கல் வந்தது. மகன் பேசுவதில்லை என்ற புகாருக்கு எதிரே, "தினமும் காலையில் மகனுக்கு ரோஜாப் பூவுடன் குட் மார்னிங் படம் அனுப்புகிறேன்" என்று எழுதச் சொன்னார். மலையாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்: "ஃபார்வர்ட் செய்வது நடவடிக்கை ஆகாது." இதைக் கேட்டதும் பெஞ்சு ஆடிப்போயிற்று. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்த பலர் முப்பது வருஷ சர்வீஸில் செய்தது அதைத்தான். தங்களிடம் வந்ததை அடுத்த மேஜைக்கு அனுப்பி, கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு, பென்ஷன் வாங்கியவர்கள். நான் அந்தத் தீர்ப்பை ஆபீசில் சொல்லவில்லை. வேலை நின்றுவிடும்.

பஞ்சாபி ரோஷக்காரர். அன்று ராத்திரி மகன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன பார்க்கிறாய், எனக்கும் காட்டு" என்று கேட்டார். அவன் பார்த்தது பழைய நீராவி ரயில் எஞ்சின் வீடியோக்கள். அப்பா வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் இருந்தவர். இருவரும் நடுராத்திரி வரை எஞ்சின் பார்த்திருக்கிறார்கள். இப்போது அவர் மருமகள் புகார் சொல்கிறாள். அவளுக்குத் தனி நோட்டு போட வேண்டும்.

மாமாவின் முறை வந்தது. தமிழ் பேச ஆளில்லை. எடுத்த நடவடிக்கை? "இந்தி கத்துக்கோன்னு சொல்றாங்கம்மா" என்று என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினார். "1965-ல தார் பூசின கை இது." மாணவராக இருந்தபோது இந்தி எழுத்தை அழிக்க ஸ்டேஷன் பலகையில் ஏறியவர். கொள்கையா பேச்சுத்துணையா என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் ஒரு சமரசத் திட்டத்தோடு போனார். அவர் பத்து இந்திச் சொல் கற்பார். பதிலுக்கு மற்ற எல்லாரும் பத்துத் தமிழ்ச் சொல் கற்க வேண்டும். நோட்டில் அது இப்படிப் பதிவாகியிருக்கிறது: "கடும் ஆட்சேபத்துடன் பத்துச் சொற்கள் கற்கப்பட்டன." ஒப்பந்தத்தை அதிக விசுவாசமாக நிறைவேற்றுபவர் பஞ்சாபிதான். காலை ஆறரைக்கு எதிரே வருகிற வாட்ச்மேன், பால்காரர், நாய் எல்லாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்கிறார்.

நடவடிக்கை என்று ஒன்றை எடுத்துவிட்டால் அது ஒன்றோடு நிற்காது போலிருக்கிறது. மாமா ஆட்டோ பிடித்து ராமகிருஷ்ணபுரம் போனார். மலை மந்திரில் சுவாமிநாத சுவாமியைப் பார்த்தார். தில்லித் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டினார். திரும்பி வரும்போது ஒரே ஆச்சரியம். தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இங்கே 1923-லேயே தொடங்கியது. அதுதான் இன்று ஏழு பள்ளிகளாக, நம் பக்கத்து லட்சுமிபாய் நகர் உட்பட, நடக்கிறது. தமிழ்ச் சங்கம் 1946-இல். மலை மந்திர் கும்பாபிஷேகம் 1973-இல். "யாரு கட்டினா தெரியுமா? எல்லாம் உங்களை மாதிரி ஆபீஸ் போனவங்கதான். சாயந்திரம் வீடு வீடாப் போய் ரசீதுப் புத்தகத்தோட நின்னிருக்காங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பஞ்சப்படிக்கும் அலாட்மென்ட்டுக்கும் எங்களைப் போலவே காத்திருந்த மனிதர்கள், பிள்ளை படிப்பதற்கும் முருகனுக்கும் மட்டும் காத்திருக்கவில்லை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

கிட்வாய் யார் என்று ஒருநாள் மாமா பெஞ்சில் கேட்டிருக்கிறார். காலனியில் பாதிப்பேருக்குத் தெரியாத விஷயம். சரித்திரப் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரஃபி அகமது கிட்வாய், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். 1949-இல் இரவு விமானத் தபாலைக் கொண்டுவந்தவர். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பின. சாயந்திரம் தில்லியில் போட்ட கடிதம் மறுநாள் சென்னையில். பிறகு 1952-இல் உணவு அமைச்சர். அந்த வருஷம் சென்னையில் ராஜாஜி ரேஷன் முறையை நீக்கினார். நாட்டில் தானியம் இருக்கிறது, கட்டுப்பாடுதான் அதைப் பதுங்க வைக்கிறது என்று நம்பிய கிட்வாய், மற்ற இடங்களிலும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 1954-இல் இறந்தபோது அவர் விட்டுப்போனது சொந்த ஊரில் ஒரு பழைய வீடு மட்டும்தான் என்பார்கள்.

தொலைபேசிக்கு ஓ.ஒய்.டி. என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். விண்ணப்பம் போட்டுவிட்டுப் பொது வரிசையில் வருஷக்கணக்காகக் காத்திருக்கலாம். முன்பணத்தைக் கட்டிவிட்டுத் தனி வரிசைக்கும் போகலாம். சந்தோஷத்துக்கும் இந்த இரண்டு வரிசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொது வரிசையில் செலவில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். மற்ற வரிசையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போய் மீன் வாங்க வேண்டும், கைபேசி பார்க்கும் மகன் பக்கத்தில் வெட்கத்தை விட்டு உட்கார வேண்டும், தார் பூசின கையால் "தீரே தீரே" என்று ஆட்டோக்காரரின் தோளைத் தட்ட வேண்டும். முன்பணம் கட்டியவர்களுக்கும் அந்தக் காலத்தில் போன் உடனே வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வரிசை நகர்ந்தது.

நோட்டு திணறிய இடமும் ஒன்று உண்டு. நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு நானூறைத் தாண்டினால் எங்கள் எட்டாவது மாடியிலிருந்து எதிர் பிளாக் தெரியாது. வங்காளி இருமிக்கொண்டே புகார் எழுதினார்: மூச்சு விட முடியவில்லை. எடுத்த நடவடிக்கை? "மூச்சை அடக்கினேன் என்று போடுங்கள்" என்றார் பஞ்சாபி. மலையாளி சிரிக்கவில்லை. சந்தோஷம் உன் கையில் என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் காற்று யார் கையில் என்று கேட்டால் பதில் வராது என்றார். தனி மனிதன் சரிசெய்ய முடியாததை அவன் தலையில் கட்டுவதும் ஒருவகை ஃபார்வர்ட்தான்.

அதற்காக வலது பக்கம் காலியாக இருக்க வேண்டியதில்லை என்று 2018 ஜூனில் நடந்ததைச் சொன்னார். சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் என்று பக்கத்து அரசுக் காலனிகள் ஏழில் புதுக் கட்டடத்துக்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டும் ஏற்பாடு. ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். ஓர் எலும்பு மருத்துவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனார். நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. வரைபடத்தை மாற்றுவோம் என்று அரசுத் தரப்பே சொல்ல வேண்டி வந்தது. மரத்தைக் காப்பது எலும்பு மருத்துவரின் வேலை என்று எந்த ஆர்டரிலும் இல்லை. ஆகவே காற்றைப் பற்றி யாருக்கு, எந்தத் தேதியில், என்ன கேட்டு மனுப் போட்டோம் என்று எழுதினால் அது செல்லும். வெறுமே இருமினால் செல்லாது. ஐவர் கையெழுத்தோடு மனுப் போயிருக்கிறது. டெபுடி செக்ரெட்டரி வரைந்த மனு. எந்த அதிகாரியும் எளிதில் ஃபார்வர்ட் செய்துவிட முடியாத மாதிரி எழுதியிருக்கிறார். எல்லாச் சந்தும் தெரிந்த மனிதர்.

இந்த வியாதி வீட்டுக்குள் வராமல் இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்து பையை வீசிவிட்டு, "எனக்குன்னு ஒரு மணி நேரம் கிடையாது இந்த வீட்டுல" என்றேன். மாமா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: "எடுத்த நடவடிக்கை என்னம்மா?" எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆனாலும் அந்த ஞாயிறு கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, தனியாக தில்லி ஹாட்டுக்குப் போய், மோமோ சாப்பிட்டு, வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே நாகாலாந்துச் சால்வைகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, இருட்டியதும் வந்தேன். என் கணவர் வாசலிலேயே நின்றார். "ராத்திரிக்கு ஒண்ணும் பண்ணலையே?" மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். அன்று வீட்டில் ரசம் கணவர் வைத்தார். நோட்டு முறைப்படி சொன்னால், ரசம் அமலாக்கப்பட்டது; தரம் ஆய்வில் உள்ளது. அதன் பிறகு ஞாயிறு சாயந்திரங்கள் என்னுடையவை. எந்த ஆர்டரும் இல்லாமல் வந்த அலாட்மென்ட்.

ஆனால் என் கணவரும் சும்மா இருக்கவில்லை. பரிசீலனையில் இருந்த கோப்பு ஒன்றைத் திடீரென்று தீர்த்து வைத்துவிட்டார். அப்பா இத்தனை நாள் கேட்டாரே என்று, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து, அப்பாவுக்குத் தாள் டிக்கெட் கையில் இருந்தால்தான் நம்பிக்கை என்பதால் கவுன்ட்டரில் நின்று வாங்கிவந்து நீட்டினார். மாமா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்லது" என்றார். ராத்திரி புகார் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வரை ஆளைக் காணோம். வந்தபோது கையில் ஜிலேபிப் பொட்டலம். நடந்ததைப் பஞ்சாபி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாமா தனியாக முன்பதிவு கவுன்ட்டருக்குப் போய் வரிசையில் நின்று, தம்மிடம் இருந்த பத்துச் சொல்லில் நான்கைச் செலவழித்து டிக்கெட்டை ரத்து செய்திருக்கிறார். பிடித்தம் போகக் கிடைத்த பணத்தில் பெஞ்சுக்கே ஜிலேபி. நோட்டில் அவர் சொல்லச் சொல்ல மலையாளி எழுதியிருக்கிறார். புகார்: மகன் ஒருவார்த்தை கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டான். எடுத்த நடவடிக்கை: ஜிலேபி. கீழே பச்சை மையில் டெபுடி செக்ரெட்டரியின் குறிப்பு: "ஏற்கப்பட்டது. மகனுக்குத் தகவல் தெரிவிக்கத் தேவையில்லை."